தொலைப்பது இலக்கணம் அல்ல
தமிழில் எழுவாய் மறைந்து நிற்பதால்தான், நம்மவர் பேசுவதை ஆங்கிலத்தில் உரைபெயர்க்கும்போது பாதி தொலைகிறது என்கிறது உரைபெயர்ப்பு பற்றிய இந்தக் கட்டுரை. இலங்கையின் வடக்கே வன்னியில் நான் பார்த்தது வேறு. முல்லைத்தீவில் வெளிநாட்டவர் வந்த ஒரு கூட்டத்தில், மகனின் லேமினேட் படத்தை மடியில் வைத்திருந்த அம்மா, போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கையாலேயே பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்ததையும், பஸ்ஸில் ஏறும்போது அவன் தண்ணீர் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆங்கிலத்தில் போனது ஒரே வரி: மகனைக் காணவில்லையாம். யார், எங்கே, யாரிடம் என்று அம்மா தெளிவாகத்தான் சொன்னார். உரைபெயர்த்தவரின் அவசரம் விழுங்கிவிட்டது. கணினி மொழிபெயர்ப்பு வந்தால் சரியாகிவிடும் என்று மேலே கருத்து எழுதியவருக்கு: அந்த அம்மாவை இடைமறித்து, விட்டதைத் திருப்பிக் கேட்க ஆள்தான் வேண்டும். வவுனியாவில் 2021 முதல் தனித்தியங்கும் அரசுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இப்படிக் கேட்டு உரைபெயர்க்கும் பயிற்சியை அங்கேயே எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.