குழந்தைகளுக்கென்று செய்த சிற்பத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஓஸ்லோவில் அரண்மனையைச் சுற்றி மதில் கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது. 1849-இல் கட்டி முடித்த அரண்மனை, 173 அறைகள். ராஜா இருக்கும் இடத்தின் தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் காலாற நடக்கலாம். உள்ளே போவதற்குத்தான் கோடைகாலமும் வழிகாட்டியும் வேண்டும். படமெடுக்கக் கூடாது. சரி, அது அவர்கள் வீடு.

என் புலம்பல் வெளியே இருக்கும் சிற்பப் பூங்காவைப் பற்றியது. இளவரசி இங்கிரிட் அலெக்சாண்ட்ராவின் பெயரில் 2016-இல் திறந்தார்கள். நார்வேயின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் யோசனைகளில் பிறந்த சிற்பங்கள். தொடலாம், ஏறலாம், விளையாடலாம். இதைவிட நல்ல யோசனை உண்டா?

ஆனால் நாங்கள் போனபோது ஏறியிருந்தவர்களுக்கெல்லாம் வயது நாற்பதுக்கு மேல்! என் ஆறு வயது மகள் கீழே நிற்கிறாள். மேலே ஒருவர் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிற மாதிரி போஸ் கொடுக்கிறார். எதை யோசித்தாரோ, பத்து நிமிடம் இறங்கவில்லை. அப்புறம் அவர் மனைவி, அப்புறம் ஜோடியாக, அப்புறம் "கண்ணை மூடிட்டேன், இன்னொரு தடவை." இதைச் சொன்னது சுத்தமான தமிழில் என்பதுதான் கூடுதல் வேதனை. நம்மூர்க்காரர், முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது? "பாப்பா ஏறணுமாம்" என்றேன். "வாம்மா, அங்கிளோட நில்லு" என்று அவளையும் படத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குக் காவலர் மாறும் அணிவகுப்பு தொடங்கியதும்தான் கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. மகள் ஏறினாள். உடனே மழை.