சாஸ்திரியிடம் ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டும்

மறைந்த தேசியத் தலைவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? இந்தக் கேள்வி எங்கே எழுந்தாலும் வரும் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான். காந்தி, நேரு, அம்பேத்கர், நேதாஜி. வெளிநாடு என்றால் லிங்கன், மண்டேலா.

எனக்கு இதில் வேறு எண்ணம். நிறைய எழுதிவைத்துவிட்டுப் போனவரை எழுப்பி உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. காந்தி எழுதியதும் பேசியதும் ஆங்கிலத்தில் மட்டுமே நூறு தொகுதிகள். நேரு சிறையில் இருந்தபோதும் எழுதினார், பிரதமராக இருந்தபோதும் எழுதினார். அவர்களிடம் கேட்க நினைப்பதில் முக்கால்வாசிக்குப் பதில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. எழுதாமல் போனவரைத்தான் தேட வேண்டும். அவரை நமக்குப் பிடித்திருக்கவும் வேண்டும், அவர் செய்ததில் ஒன்றாவது நம்மைத் தூங்கவிடாமல் செய்யவும் வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது லால் பகதூர் சாஸ்திரியை.

1964 ஜூன் 9 முதல் 1966 ஜனவரி 11 வரை, மொத்தமே பத்தொன்பது மாதங்கள் பிரதமர். தாஷ்கண்டில் பாகிஸ்தானோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. தன்வரலாறு என்று எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை.

அவரை எனக்குப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்தபோது, ரயில்வே அமைச்சராக இருந்த அவர் பதவி விலகினார். தண்டவாளத்தை அவரா அறுத்தார்? பொறுப்பு தன்னுடையது என்று நினைத்தார், போய்விட்டார். பிரதமரான பிறகு கார் வாங்க வங்கியில் ஐயாயிரம் ரூபாய் கடன் எடுத்தார். அவர் இறந்தபின் அந்தக் கடனை அடைத்தது மனைவி லலிதா. இந்தக் கதைகளைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றும் அவற்றில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை.

1965 பிப்ரவரியையும் சொல்ல வேண்டும். இந்தி எதிர்ப்பில் சென்னை மாநிலம் எரிந்துகொண்டிருந்தது. சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார். சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகக் கடிதம் கொடுத்தார்கள். (அரியலூர் விபத்து நடந்தபோது சாஸ்திரிக்குக் கீழே ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் இதே அளகேசன்.) பிப்ரவரி 11 இரவு சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன் என்றார். அது சட்டமாக 1967 இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது, சாஸ்திரி அப்போது இல்லை. ஆனாலும் இறங்கிவந்து பேசினார். மக்கள் குரல் காதில் விழுந்தால் கேட்கத் தெரிந்த மனிதர் அவர்.

அதனால்தான் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று அவர் போட்ட கையெழுத்து எனக்கு இன்னும் புரியவில்லை.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு செய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். கச்சத்தீவு பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பலருக்கு இந்த ஒப்பந்தத்தின் பெயர்கூடத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இலங்கையின் மலையகத்தில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெள்ளைக்காரத் துரைமார் இங்கிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தே போனவர்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. நூறு வருடத்துக்கு மேல் அந்த மலையில் உழைத்தபின், நாடு சுதந்திரம் அடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது கொழும்பு. ஓட்டும் போனது. 1964-ல் அப்படி நின்றவர்கள் ஏறக்குறைய 9,75,000 பேர்.

ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பதினைந்து வருடத்தில் ஏழு பேர் இந்தியா வர நாலு பேருக்கு அங்கே குடியுரிமை என்பது விகிதம். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. சொத்தைப் பிரிக்கும்போதுகூட ஆடுமாடு குட்டி போட்டால் யாருக்கு என்று ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். இங்கே மனிதர்களைப் பிரித்தார்கள், அந்த மனிதர்களைக் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். பலிக்கவில்லை.

நேரு இதற்கு உடன்படாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தார். பிறந்து வளர்ந்த மண்ணில் நிற்பவர்களை அந்த நாடுதான் ஏற்க வேண்டும் என்பது அவர் நிலை. அவர் மறைந்து ஐந்தே மாதத்தில் இந்தியா இறங்கிப்போனது. 1962 சீனப் போருக்குப் பிறகு பக்கத்து நாடு ஒன்றாவது நட்பாக இருக்கட்டும் என்று நினைத்தார்களா? புதுப் பிரதமர் ஒரு பிரச்சினையையாவது முடித்துக் காட்ட வேண்டியிருந்ததா? நூல்களில் காரணங்கள் நிறையக் கிடைக்கின்றன. அவர் மனதில் இருந்த காரணம் எது என்பதுதான் எனக்கு வேண்டும்.

என் சந்தேகத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1965-ல் குரல் கொடுத்தவர்களுக்கு ஓட்டு இருந்தது, கல்லூரி இருந்தது, பத்திரிகை இருந்தது, அமைச்சரவையிலேயே ஆள் இருந்தது. மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஒரே மனிதரின் நல்ல காது ஓரிடத்தில் கேட்டது, இன்னோரிடத்தில் கேட்கவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கோபமாக அல்ல. அரியலூருக்காகப் பதவியை விட்டவரிடம் இதைச் சொன்னால் அவர் காதுகொடுத்துக் கேட்பார் என்ற நம்பிக்கையில்.

எந்த மொழியில் பேசுவோம் என்றும் யோசித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. ஆங்கிலம்தான். அன்று வானொலியில் அவர் வாக்குக் கொடுத்த அதே ஆங்கிலம்.

அந்த ஒரு மணி நேரத்தில் பாதி நான்தான் பேசுவேன். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவர் பதினாலு மாதம்தான் உயிரோடு இருந்தார். அது என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை அவர் பார்க்கவில்லை. வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமைப் பார்க்கவில்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசு தேயிலைத் தோட்டத்தில் மறுபடி அதே கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்களையும், ரப்பர் பால் எடுக்கக் கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா பக்கம் அனுப்பப்பட்டவர்களையும் பார்க்கவில்லை. இலங்கையில் அவர்களைக் கள்ளத்தோணி, அதாவது திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவர்கள், என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரர்கள் என்றார்கள்.

என் நண்பர் ஒருவரின் பாட்டி அப்படி வந்தவர். அக்கா அங்கே, தங்கை இங்கே. விண்ணப்பப் படிவத்தில் அக்கா வீட்டுக்காரர் ஒரு நாட்டை எழுதினார், தங்கை வீட்டுக்காரர் இன்னொரு நாட்டை எழுதினார், அவ்வளவுதான் வித்தியாசம். 1984-ல் போர் காரணமாகக் கப்பல் நின்றதும் வருவதும் போவதும் முடிந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வர முடியாமல் அங்கேயே தங்கிப்போனவர்களும் உண்டு. மிஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கை குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003-ல். அக்கா அதற்கு முன்பே போய்விட்டார். தங்கை கடைசிவரை அவரைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அவரிடம் வரிசையாகச் சொல்வேன். சொல்லிமுடித்து, எழுதாமல் போன அந்தப் பக்கத்தை இப்போது சொல்லுங்கள் ஐயா என்று கேட்டுவிட்டு, மிச்சமிருக்கும் அரைமணி நேரமும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.