மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்

சுற்றுலா ஜீப்பின் ஆயுளை ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஏற்காட்டில் 11 வருடமாக ஜீப் ஓட்டுகிறேன், எனக்கு இது சரியாகப் படவில்லை. காபித் தோட்டத்து மண் பாதையில் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆனால் ஆள் நிறைய ஏற்றி, முழுக்க முதல் இரண்டு கியரில்தான். மீட்டர் நகராது, கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டே இருக்கும். கமான் பட்டை (குலுக்கலைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை) மாட்டும் இடத்து ரப்பர் புஷ்களும் அப்படித்தான்.

பிரேக்கைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் இருக்கிறது. சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக்கில் உரசும் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பிரேக் ஆயில் வேறு காற்றின் ஈரத்தை இழுக்கும். இழுக்க இழுக்கச் சீக்கிரம் கொதிக்கும். ஆவிக்குமிழ் வந்துவிட்டால் பெடல் அப்படியே கீழே போகும். போன மழைக்காலத்தில் எனக்கு அப்படி ஆனது. வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். இரண்டாம் கியரில் இருந்ததால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்த முடிந்தது. அப்புறம் வருஷம் தவறாமல் ஆயில் மாற்றுகிறேன். பழைய ஜீப் வாங்குபவர்கள் கமான் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.