துப்பாக்கிக்கு அமெரிக்கா பொறுப்பு என்றால், சூடோஎஃபெட்ரினுக்கு யார் பொறுப்பு?

மெக்சிகோவில் போதைக் கும்பல்கள் ஊரையே சுடுகாடாக்கும்போது அமெரிக்காவுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்ல நமக்குத் தயக்கமே இல்லை. சொல்வது சரிதான். மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்பது ராணுவம் மட்டுமே. அப்படியிருந்தும் அங்கே குற்ற வழக்குகளில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தது என்று தடம் பார்க்கப்படும் துப்பாக்கிகளில் பத்துக்கு ஏழு அமெரிக்காவிலிருந்து போனவை. 2021இல் மெக்சிகோ அரசு அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் பாஸ்டனில் வழக்குப் போட்டது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டது. தயாரிப்பாளர்களைக் காக்க 2005லேயே அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. விற்றவனை அவன் நாட்டுச் சட்டம் காப்பாற்றுகிறது, பிணம் விழுவது பக்கத்து நாட்டில்.

இதே கணக்கை நம் பக்கம் போட்டுப் பார்த்தால்தான் கசக்கிறது. சூடோஎஃபெட்ரின், எஃபெட்ரின் இரண்டையும் உலகிலேயே அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று இந்தியா. சளி மாத்திரைக்கான சாதாரண மூலப்பொருள். கள்ள ஆய்வகத்துக்குப் போனால் மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள். அந்தப் பணத்தில்தான் வேறு ஊர்க் கும்பல்கள் துப்பாக்கி வாங்குகின்றன.

நம் ஊரில் எல்லைப் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கடலைத்தான் பார்க்கிறார்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, ஃபைபர் படகு, மீனவர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான், அந்த வழியில் கஞ்சாவும் வலி மாத்திரைகளும் பீடி இலையும் போகின்றன, தங்கம் திரும்பி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய சரக்கு எதில் வந்தது என்று பாருங்கள். 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் காவல் படை பிடித்தது இலங்கைப் படகு: சுமார் 100 கிலோ ஹெராயின், ஐந்து 9 எம்எம் கைத்துப்பாக்கிகள், ஒரு துரையா சாட்டிலைட் போன். 2021 மார்ச்சில் மினிக்காய் அருகே பிடிபட்டதும் இலங்கைப் படகுதான்: 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏகே 47, ஆயிரம் தோட்டா. பாகிஸ்தானும் ஈரானும் பகிரும் மக்ரான் கரையிலிருந்து கிளம்பும் கலத்திலிருந்து நடுக்கடலில் பலநாள் படகுக்குச் சரக்கை மாற்றும் தடம் இது. பாம்பன் மீனவரின் படகை வாரம் இருமுறை சோதித்தால் இது நிற்காது.

அமெரிக்காவிலும் இதே கதை. எல்லைச் சுவரைப் பற்றித்தான் அத்தனை சத்தம். 2021இல் ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளைக் கடத்தியதற்காக அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்கள் தண்டித்தவர்களில் 86 சதவீதம் பேர் அமெரிக்கக் குடிமக்கள். அந்தச் சரக்கில் பெரும்பகுதி முறையான சோதனைச் சாவடி வழியாகக் காரிலும் லாரியிலும் போகிறது.

நமக்கு அந்தச் சாவடி மணலியிலும் மாதவரத்திலும் இருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்கள். 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎஃபெட்ரின் பிடிபட்டது. சத்துமாவு, உலர் தேங்காய்த் துருவல் என்று எழுதி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பல ஆண்டுகள் போயிருக்கிறது என்பது போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பை அது சொல்லட்டும். ஆனால் அந்த வழி எப்படித் திறந்திருக்கிறது என்று பேச யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, 500 ரூபாய் கட்டணம் போதும். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடலாம். நேர்மையான சிறு வணிகருக்கு அது நல்லது, அதை இறுக்கச் சொல்லவில்லை. ஆளைச் சரிபார்க்கும் பொறுப்பு, வணிகருக்காகச் சுங்கத்துறை வேலைகளைப் பார்க்கும் உரிமம் பெற்ற முகவரான கஸ்டம்ஸ் புரோக்கருடையது. அவர்களுக்கான 2018 உரிம விதிகளில் 10(என்) அதைத்தான் சொல்கிறது: வாடிக்கையாளரின் அடையாளமும், சொன்ன முகவரியில் தொழில் நடக்கிறதா என்பதும் சரிபார்க்கப்பட வேண்டும். நடைமுறையில் இது நான்கு ஜெராக்ஸோடு முடிந்துவிடுகிறது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் டால்க் கல் என்ற பெயரில் 2,988 கிலோ ஹெராயின் வந்ததே, அதை இறக்கிய கம்பெனியின் முகவரி விஜயவாடாவில் ஒரு வீடு, கைதான தம்பதி இருந்தது சென்னையில்.

அடுத்து சோதனை. ஸ்கேனரில் மாவும் மாவுக்குள் கலந்த வெள்ளைப் பொடியும் ஏறக்குறைய ஒரே சாயலில்தான் தெரியும். இரண்டுமே கரிமப் பொருள், அடர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில். லேசர் ஒளியால் பொருளை அடையாளம் காணும் கையடக்க ராமன் கருவி தனிப் பொடியை நொடியில் சொல்லிவிடும். வறுத்த தானியத்தின் பழுப்பு நிறத்தில் ஒளிர்வு கூடிப்போய், குறைந்த அளவில் கலந்த பொருளின் அடையாளம் அதில் அமுங்கிவிடும். ஆகவே கையால்தான் பார்க்க வேண்டும். கதவோரம் அடுக்கிய இரண்டு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. நடு வரிசை, அடி வரிசையிலிருந்து பெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடை போட்டு, பேக்கிங் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மாவைச் சலிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எல்லாப் பெட்டகத்தையும் இப்படிப் பார்த்தால் துறைமுகமே நின்றுவிடும், தெரியும். புதுக் கம்பெனி, முதல் சில சரக்கு, பல பேர் சரக்கோடு சேர்ந்து போகும் எல்சிஎல், உணவுப் பொடி, போகும் நாடு ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து: இவை ஒன்றாக வந்தால் கட்டாயச் சோதனை என்று சுங்கத்துறையின் இடர் மேலாண்மை அமைப்பில் விதி போடலாமே.

இதற்கெல்லாம் மேலே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்டிபிஎஸ்) ஒரு ஓட்டை இருக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆந்திர ஒடிசா எல்லையிலிருந்து 22 கிலோ கஞ்சாவை ரயிலில் கொண்டுவந்து சென்ட்ரலில் பிடிபடும் கூலிப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்து ஆண்டு, இருபது வரை போகும். 37ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. சூடோஎஃபெட்ரினை 50 கிலோ அனுப்பியவருக்கு? அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள் மட்டும்; 9ஏ, 25ஏ பிரிவுகள்தான் பொருந்தும். அதிகபட்சம் பத்து ஆண்டு, குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. இந்தப் பொருட்களுக்குச் சிறு அளவு, வணிக அளவு என்று அறிவிக்கவே இல்லை, அதனால் 37ஆம் பிரிவும் வராது. ஐந்து கிலோவும் ஐந்நூறு கிலோவும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. 37ஐ இன்னும் பல பேர் தலையில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஏழைகள் ஏற்கெனவே அதிகம். அளவுக்கு ஏற்ற தண்டனைப் படிநிலை வேண்டும், அவ்வளவுதான்.

வாக்குமூலத்தை நம்பி வழக்குக் கட்டும் காலமும் போய்விட்டது. சென்னையில் 2004இல் பிடிபட்ட ஹெராயின் வழக்கு ஒன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் தூஃபான் சிங் தீர்ப்பாக 2020 அக்டோபரில் முடிந்தது. 67ஆம் பிரிவில் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது. இனி தொலைபேசிப் பதிவு, வங்கித் தடம், கிடங்கின் கேமராப் பதிவு, மாஜிஸ்திரேட் முன்னால் 52ஏ படி எடுத்த மாதிரி, இவைதான் நிற்கும். பொட்டலங்களை ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு மாதிரி எடுத்தால் குறுக்கு விசாரணையில் வழக்கு அங்கேயே சரியலாம்.

இத்தனைக்கும் பொருள் கிளம்பும் இடத்தில் தகவல் இருக்கிறது. 2013 கட்டுப்பாட்டு ஆணைப்படி சூடோஎஃபெட்ரினைத் தயாரிக்கிறவர், விற்கிறவர், வாங்குகிறவர் எல்லோருக்கும் தனிப் பதிவெண் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதே சரக்கு நகரும்போது ஜிஎஸ்டி பில்லும் ஈ-வே பில்லும் உருவாகின்றன. ஒருவர் 200 கிலோ வாங்கியதாகக் கணக்குக் கொடுத்து, விற்ற பில் 150 கிலோவுக்குத்தான் இருந்தால், மீதி 50 கிலோ கிடங்கில் இருக்கிறதா என்று அன்றைக்கே போய்ப் பார்க்கலாம். கணக்கு ஒரு அமைச்சகத்தின் அலுவலகத்தில், பில் இன்னொரு அமைச்சகத்தின் சர்வரில்.

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களில் ஒருவர் 25ஏ திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவரட்டும். கணக்கையும் பில்லையும் ஒப்பிட அதுவரை காத்திருக்க வேண்டாம், உள்துறையும் நிதித்துறையும் கடிதம் எழுதிக்கொண்டால் அடுத்த காலாண்டிலேயே தொடங்கிவிடலாம்.