வெள்ளைக் கோட்டில் நின்ற அம்மாவில் என்ன பிழை?

அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோட்டு நடுவில் நிற்கிறா அந்த அம்மா. ஹோனை அமத்திப் பிடித்தபடி சேலைத் தலைப்புக்குக் கிட்டக் கொண்டுவந்து நிற்பாட்டுகிறது ஒரு ஹயஸ் வான். பிறகு கண்ணாடியை இறக்கிச் சாரதி சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

உண்மையில் எனக்கு ஆத்திரம் வந்தது சாரதியில் இல்லை. அவர் ஒரு ஆள். கீழே கருத்து எழுதியவர்கள் ஒரு ஊர். "வயது போனதுகள் இந்த நேரம் ஏன் ரோட்டுக்கு வருதுகள்?" இதற்கு விழுந்திருக்கிற லைக்குகளைப் பாருங்கள். லைக் போட்டவர்களில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கோயில் தர்மகர்த்தா ஒருவரும் இருக்கிறார். இந்த நேரம் ஏன் வந்தா என்றால், பள்ளிக்கூடம் 1.30க்கு விடும், அதனால் வந்தா. வேறு எந்த நேரம் வரச் சொல்கிறீர்கள்? பின்னேரம் காற்று வாங்கவா?

கடவையில் ஆள் கால் வைத்தால் வாகனம் நிற்க வேண்டும். அது சட்டம். நம் ஊரில் நிற்பாட்டுகிற ஒரு சிலரும் அன்னதானம் போட்ட முகத்தோடுதான் கையைக் காட்டி விடுகிறார்கள். நிற்காதவரை யாரும் கேட்பதில்லை, நடந்தவரைத்தான் கேட்கிறோம்.

சண்டைக் காலத்துக்குப் பிறகு எங்களுக்குக் காப்பெட் ரோட்டு, அதாவது வழவழப்பான தார் ரோட்டு, வந்தது. நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. முன்பு குண்டும் குழியும் எல்லோரையும் மெதுவாக வைத்திருந்தன. இப்போது கொக்குவிலில் இருந்து சுன்னாகம் வரைக்கும் காங்கேசன்துறை வீதியை ஒருக்கால் நடந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளில் போகாமல், நடந்து. ஒரு பக்கம் மூடி இல்லாத வாய்க்கால், மற்றப் பக்கம் கடைக்கு வந்தவர்களின் வாகனங்கள். கல்யாண மண்டபம் வந்தால் இரண்டு பக்கமும் வாகனம். இடையிடையே யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் கும்பி. நடக்கிறவர் எங்கே கால் வைப்பது? காப்பெட்டில்தான். அங்கே போனால் ஹோன். போதாதற்கு ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் ஆள் உயர மதில். சைக்கிளில் வருகிற பிள்ளைக்கு ரோட்டில் வருவது தெரியாது, ரோட்டில் வருகிறவனுக்குப் பிள்ளை தெரியாது. ரோட்டு போட்டோம், நடக்கிறவருக்கு இடம் வைக்கவில்லை. வேகத்தைக் கூட்டினோம், அதைக் குறைக்க ஒன்றும் செய்யவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிற்பாட்ட முடியவில்லை.

என் அப்பா கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்தவர். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய காலம். அப்பாவுக்கு அதுவும் இல்லை, சைக்கிள்தான். பொம்பர் விமானம் சுற்றினால் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோடு படுத்துவிட்டு, பிறகு எழும்பி வேலைக்குப் போவார். அந்த மனுசனை ஓய்வு பெற்ற பிறகு, சண்டை எல்லாம் முடிந்த பிறகு, மினிபஸ்ஸின் பக்கக் கண்ணாடி தட்டி வாய்க்காலுக்குள் விழுத்தியது. இடுப்பு எலும்பு. கொண்டக்டர் இறங்கி வந்து சொன்னது, "ஐயா, ஓரத்தாலை போங்கோ." எந்த ஓரம்? அப்பா அதற்குப் பிறகு சைக்கிள் ஏறவில்லை. பொலிஸுக்கும் போகவில்லை, "அவங்களும் ரைமுக்கு ஓடுறவங்கள்தானே" என்று விட்டுவிட்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

ஆனால் அப்பா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. மினிபஸ்காரருக்கு அன்றன்றைய கலெக்சன்தான் சம்பளம். ஆள் ஏற்ற ஒவ்வொரு சந்தியிலும் ஆமை மாதிரி நகர்வார்கள், பிறகு விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறப்பார்கள். பின்னால் அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ் வந்தால் அது இன்னொரு போட்டி. யாழ் நகரில் நெடுந்தூர பஸ் நிலையம் 2021இல் திறந்தார்கள். யார் எங்கே நிற்பது என்ற இழுபறி அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஆக, சாரதியை மட்டும் திட்டி ஒன்றும் ஆகாது. இது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இனி, வரப்போகிற பதில்கள்.

"ரோட்டை அகலிக்க வேணும்." அகலித்தார்கள். பலாலி வீதியையும் அகலித்தார்கள், பரமேஸ்வராச் சந்தியில் நெரிசல் போய்விட்டதா? 1.30க்கு யாழ் இந்துக் கல்லூரி வாசலில் நின்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வாகனம். எத்தனை அடி அகலித்தாலும் அத்தனை அடிக்கும் வாகனம் நிறுத்த ஆள் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ் ஒழுங்காக ஓடினால், பிள்ளை பயமில்லாமல் சைக்கிளில் போகக்கூடியதாக இருந்தால், பாதி நெரிசல் இராது. 2022இல் பார்த்தோமே. பெற்றோலுக்குக் கியூ ஆர் கோட்டோடு வரிசையில் நின்ற மாதங்களில் ஊர் முழுக்கச் சைக்கிள். கஷ்ட காலம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அம்மா கனகாலத்துக்குப் பிறகு சைக்கிள் எடுத்து நல்லூருக்குப் போனது அந்த மாதங்களில்தான். எண்ணெய் வந்தது, அம்மா சைக்கிளைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டா.

"நடக்கிறவையும் போனைப் பார்த்துக்கொண்டுதானே கடக்கினம்." சரி, கடக்கிறார்கள். அந்த அம்மாவின் கையில் போன் இருந்ததா? பேரப்பிள்ளைதான் இருந்தது.

"பொலிஸ் ஹெல்மெட் பிடிக்கத்தான் நிற்கிறாங்கள்." இதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. தண்டப் பத்திரம் எழுத வசதியான மர நிழலில் நிற்கிறார்கள், பள்ளிக்கூடக் கடவையில் நிற்கச் சொன்னால் ஆளைக் காணோம். ஆனால் பொலிஸ் நின்றால்தான் மனுசத்தன்மை வரும் என்றால், அதை யாரிடம் போய் முறையிடுவது?

"ஐம்பதிலை போனால் என்ன, அறுபத்தைஞ்சிலை போனால் என்ன?" நிறைய இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற காரின் முன்பக்கம் அடித்து நடக்கிற ஒருவர் சாகும் ஆபத்தைவிட, 65இல் அடித்தால் நாலரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் சாவு விபத்தின் ஆபத்து 4 சதவீதம் கூடும் என்றும் சொல்கிறது. நகருக்குள் 50தான் எல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஸ்ரான்லி வீதியில் போகிறவர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.



"நீ சும்மா வீட்டிலை இருந்து எழுதுறாய்" என்றும் ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் இதே ரோட்டில்தான் வேலைக்குப் போகிறேன். சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலிப் பதாகையைத் தாண்டித்தான் போகிறேன். அதில் சிரிக்கிற முகங்களில் பாதி, மீசை ஒழுங்காக முளைக்காத பெடியள். மாமா சித்தப்பா எல்லோர் பெயரும் கீழே, லண்டன், கனடா, சுவிஸ் என்று நாட்டோடு. அந்தப் பெடியனுக்கு ஓ.எல். (பதினோராம் வகுப்புச்) சோதனை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்பியதும் அந்தப் பெயர்களில் ஒன்றுதான். லைசென்ஸுக்கு 18 வயது வேண்டும், மோட்டார் சைக்கிளுக்குக் காசு போதும். ரியூசன் விடுகிற நேரம் ஒன்றில் மூன்று பேர். ஹெல்மெட் பெற்றோல் ராங்கின் மேல், இல்லாவிட்டால் முழங்கையில். அதே பெடியன் போனால் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுத எல்லோரும் வருகிறோம். வெள்ளைக் கோட்டில் நின்ற அம்மாவைத் திட்டியவர்களும் வருவார்கள், கைகூப்பிய படத்தோடு.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற மாமாமாருக்கு ஒன்று. அங்கே கடவையில் ஆள் நிற்கக் கண்டால் நீங்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பீர்கள், எனக்குத் தெரியும். லீவில் வந்து வாடகைக்கு வான் எடுத்தவுடன் அது எங்கே போகிறது? சரி, அதை விடுவோம். அடுத்தமுறை பெடியனுக்குக் காசு அனுப்பும்போது ஒரு நல்ல ஹெல்மெட்டுக்கும் சேர்த்து அனுப்புங்கள். பட்டியைப் பூட்டினாயா என்று போனில் ஒருக்கால் கேளுங்கள். லைசென்ஸ் எடுக்கும் வரைக்கும் சைக்கிள்தான் என்று சொல்லுங்கள். இங்கே இருக்கிற எங்கள் சொல் அவனுக்கு ஏறாது. காசு அனுப்புகிறவர் சொன்னால் கேட்பான்.