வீட்டுலதானே இருக்கீங்க?

"வீட்டுலதானே இருக்கீங்க? ரெண்டே ரெண்டு நிமிஷம்."

இந்த வாக்கியத்தை முதலில் எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, இந்த மழைக்காலம் முழுக்க அவன் வீட்டுக் கூரை ஒழுகட்டும். சரியாகக் கட்டிலுக்கு மேலேயே ஒழுகட்டும். அவ்வளவு ஆத்திரத்தில் இருக்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை என்று வாரத்தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதற்காகவே வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஆபீஸ் வேலை மொத்தத்தையும் முடித்தேன். பாக்கி என்று எதுவும் வைக்கவில்லை. காலையில் துணியை மெஷினில் போட்டுவிட்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய போர்வையை ஜன்னலோர நாற்காலியில் விரித்தேன். ஆறு மாதமாக இருபதாம் பக்கத்தைத் தாண்டாத நாவல் மடியில். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. 10.40-க்கு முதல் தூறல்.

பல வாரம் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது எழும் மணம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனையும். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964-ல் அதற்கு 'பெட்ரிகோர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்கிற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மண் நன்றாக நனைந்துவிட்டால் போச்சு. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். காத்திருந்து பிடிக்க வேண்டிய மணம் அது.

10.47-க்கு போன் அடித்தது. டீம் லீடர்.

"மழையா அங்க? இங்கயும் செம மழை. வீட்டுலதானே இருக்கீங்க? ரெண்டே ரெண்டு நிமிஷம், லேப்டாப்பத் திறங்க."

திறந்தேன். முதல் ஐந்து நிமிஷம் "நான் பேசறது கேக்குதா?" அடுத்த ஐந்து நிமிஷம் "என் ஸ்கிரீன் தெரியுதா?" தெரிந்தது. அதற்குள் இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவருக்காக முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவருக்கு ஸ்கிரீன் தெரியவில்லை. வெளியே போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் முதலிலிருந்து. நான் மெல்லக் கேமராவை அணைத்துவிட்டு எழுந்தால், "கேமராவப் போடுங்க, முகத்தப் பாத்துப் பேசினாத்தான் நல்லாருக்கும்" என்கிறார். எதற்கு? புதன்கிழமை மீட்டிங்கில் காட்டப்போகிற ஒரு அட்டவணையின் தலைப்பு வரி அடர்நீலமா, வெளிர்நீலமா என்று முடிவு செய்வதற்கு. இதைப் பொய் என்று நினைப்பவர்கள் இன்னும் வேலைக்குச் சேராதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடர்நீலம் போட்டார்கள். எழுத்து தெரியவில்லை. வெளிர்நீலம் போட்டார்கள். "டல்லா இருக்கு." பச்சை போட்டுப் பார்த்தார்கள். யாரும் பச்சையைக் கேட்கவில்லை! பச்சையில் இருபது நிமிஷம் போனது. அப்போது காற்று திசை மாறியது. சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வருவது எனக்கு நன்றாகத் தெரிகிறது. நாற்காலியில் குப்புறக் கவிழ்த்து வைத்த நாவலின் முதுகில் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. உள்ளே மெஷின் துவைத்து முடித்துக் கூவுகிறது. "ஒரு நிமிஷம், ஜன்னலச் சாத்திட்டு வந்துடறேன்" என்றேன். "இதோ முடிஞ்சிடுச்சு, இருங்க" என்றார். அதற்கப்புறம் 55 நிமிஷம்.

12.57-க்கு முடிந்தது. இரண்டு நிமிஷம் என்று ஆரம்பித்தது இரண்டு மணி பத்து நிமிஷம். கடைசியில் அடர்நீலம்தான். நான் லேப்டாப்பை மூடவும் மழை விடவும் சரியாக இருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் பெய்ததாக அப்புறம் செய்தியில் சொன்னார்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். என் திறந்த பால்கனி நாலு சதுர மீட்டர். 160 லிட்டர் மழை என் முதுகுக்குப் பின்னால் கொட்டித் தீர்த்திருக்கிறது. நான் பச்சைக் கலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாவலின் பக்கங்கள் உப்பிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மெஷினிலேயே கிடந்த துணியில் அந்தப் புளித்த வாடை. ஈரத்துணியில் மொராக்செல்லா என்கிற பாக்டீரியா பெருகுவதால் வருவது அது. மறுபடி துவைத்தேன். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது துணி எங்கே காயும்? வீடு முழுக்கக் கொடி கட்டி, ஈரச்சட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்ததுதான் என் சனிக்கிழமை சாயங்காலம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் என்ன தெரியுமா? அதே போனில் "வெளியில இருக்கேன், சினிமாவுக்கு வந்திருக்கேன்" என்று சொல்லியிருந்தால், "ஐயோ சாரி, திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்று வைத்திருப்பார். அந்த அட்டவணை திங்கட்கிழமை வரை காத்திருக்கும். வெளியே போனால்தான் அது லீவு. வீட்டில் உட்கார்ந்து மழை பார்த்தால் சும்மா இருக்கிறோம் என்று அர்த்தமாம். சும்மா இல்லை ஐயா! அதற்குத்தான் ஒரு வாரமாகத் தயாரானேன். சினிமாவை நாளைக்கும் பார்க்கலாம். இந்த மழையை நாளைக்குப் பார்க்க முடியுமா?

பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து, வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26-ல் வந்தது. நியாயமான காரணம் இல்லாமல் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கலாம். சட்டம் போட வேண்டிய அளவுக்கு இது உலகம் முழுக்க இருக்கிற நோய் என்று தெரிகிறது. அட்டவணைத் தலைப்பின் நீலம் எந்த ஊரில் நியாயமான காரணம்?

ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். "வீட்டுலதானே இருக்கீங்க? எங்க அலமாரிய ஒரு கை பிடிச்சு நகர்த்தணும்."

இத்தனையையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை வீடியோ காலில் டீம் லீடருக்குப் பின்னால் சுவரில் ஒரு குடை தொங்கியது. கறுப்புக் குடை, மரப்பிடி, பிடியில் விரிசல் விட்ட இடத்தில் நீல இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. அந்த டேப்பைச் சுற்றியது நான். போன மழைக்காலத்தில் "நாளைக்குத் தந்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மணி பத்து நிமிஷம் அதை என் கண் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் நீலக் கலர் கேட்டிருக்கிறார்.

என் குடை எனக்கு வேண்டும்.