அந்தப் பதினைந்து நாள் அறிக்கை

சிறுவன் ஒருவன் திருட்டு வழக்கில் பிடிபட்டதாகச் செய்தி வந்தால் போதும், 'சட்டம் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. சிறார் வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞராகச் சொல்கிறேன்: சட்டம் செல்லம் கொடுக்கவில்லை. அது சொல்கிற வேலையைத்தான் நாம் செய்வதில்லை.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அன்றிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் அவனுடைய குடும்பம், பின்னணி பற்றி விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வழக்கின் உயிர்நாடியே அதுதான். 2016 மாதிரி விதிகளில் அதற்கென இருக்கும் 6-ஆம் படிவத்தைப் படித்துப் பாருங்கள். பள்ளியை விட்டு ஏன் நின்றான், வீட்டில் அவனை எப்படி நடத்துகிறார்கள், போதைப்பொருள் விற்கப் பெரியவர்கள் யாராவது அவனைப் பயன்படுத்தினார்களா என்று துருவித் துருவிக் கேட்கிறது.

நம் கைக்கு வருவது என்ன? 'பெற்றோர் கண்காணிப்பு இல்லை, கூடா நட்பு.' பெயரையும் வயதையும் மாற்றினால் அடுத்த பையனுக்கும் அதே அறிக்கை பொருந்தும்! அலுவலரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழுமம், வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம், பையன்களின் வீடு என்று ஒரே ஆள் எத்தனை பக்கம்தான் ஓடுவார்? ஆனால் அந்த இரண்டு வரியை நம்பித்தான் அந்தப் பையனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தனிநபர் பராமரிப்புத் திட்டமும் எழுதப்படுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவனைத் தனித்தேர்வு எழுத வைப்பதா, போதைக்குச் சிகிச்சை தருவதா, அடிக்கிற அப்பாவிடமிருந்து பிரித்துப் பாட்டி வீட்டில் விடுவதா? எதுவும் தெரியாமலே 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

2022 கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான், பணியாளர்கள் கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. இல்லங்களைச் சீர்செய்தே ஆக வேண்டும். ஆனால் பையன் அங்கிருந்து வெளியே வந்த மறுநாள் யார் பொறுப்பு?

முதல் நாள் அவனிடம் பேசிய அலுவலரே விடுதலைக்குப் பிறகும் ஓராண்டு அவனைத் தொடர வேண்டும் என்கிறேன். அதற்கு ஓர் அலுவலர் பார்க்கும் வழக்குகளுக்கு உச்சவரம்பு வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். பள்ளி சேர்க்க மறுத்தால் தலைமையாசிரியரிடம் அந்த அலுவலர் போய் உட்கார வேண்டும். தெருவில் ஏதாவது திருட்டுப் போனதும் பழைய வழக்கைச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டால், பழைய வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் கூடாது என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவை எடுத்துக்காட்டி, அவன் பக்கம் நின்று பேச வேண்டும்.